பதினோரு இஞ்சு

ஜன்னலுக்கு வெளியே ஒரு சிமெண்ட் பலகை.
அளவுநாடா வைத்துப் பார்த்தேன்:
நீளம் நாற்பத்தாறு, தடித்த ஆளின் மார்பு.
அகலம் பதினோரு இஞ்சு, அவருடைய அரைக்கை.
மண்ணென்று எனக்கு வாய்த்தது
இந்தத் தைக்காத சட்டை.

மார்த்தாண்டம். இரண்டாம் மாடி.
எதிரே, கண்மட்டத்தில், மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவர்.
வெயில் ஒன்பதே முக்காலுக்கு வரும்,
டோக்கன் வாங்கியவர் மாதிரி உட்காரும்,
பதினொன்றே காலுக்கு நகைக்கடைக் கட்டடம்
அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடும்.

துணி குறைவென்றால் வெட்டை மாற்று.
இருபத்திரண்டு வருஷத் தொழில் இது.

யாரோ வாங்காமல் போன ஜீன்ஸை
முழங்காலோடு வெட்டி அடி மூட்டினேன்.
உள்ளே ஊறவைத்த கதம்பை,
அதன்மேல் செம்மண், காய்ந்த சாணம்.
நிற்கின்றன இரண்டு கால்கள்,
இடுப்புக்குமேல் வள்ளிப்பயறு.

அருமனையில் ரப்பர் வெட்டும் ஏசுவடியான்
வளையக் கம்பியோடு பதினாறு சிரட்டை தந்தான்.
பால் சொட்டிய வாயில் இப்போது தண்டங்கீரை.
காந்தாரி மிளகுக்கு மட்டும் தனிச் சட்டி,
அதற்குக் கோபம் அதிகம்.

சாளை கழுவின தண்ணியை ஊற்றினேன்.
மூன்று நாள் பூனை வந்தது,
நாலாம் நாள் கீழ்வீட்டுக்காரர் வந்தார்.
அரிசி கழுவின தண்ணியோடு நிறுத்திக்கொண்டேன்.

தக்காளி சம்மதிக்கவில்லை.
இந்த வெயில் அதற்குக் கைக்குழியில் பிடிக்கிறது.
பிரித்துத் தைக்க முடியாத இடம். விட்டுவிட்டேன்.

பிளவுஸ் கொடுக்க வருகிறவர்கள்
இடத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.
றோஸ்லெற் டீச்சருக்கு மூணு செண்டு,
வீடு தின்றது போகக் கிணற்றடி மிச்சம்.
"சாம்பல் போட்டுப் பாத்திரம் விளக்குங்க,
அந்தத் தண்ணி சேம்புக்குப் போகட்டும்."
மைமூனுக்கு மாடிப்படி மட்டும்.
"படிக்கு ஒரு சட்டி, சுவரோரம்.
மாப்பிள்ளை இருட்டில் ஏறுவார் இல்லையா,
கைப்பிடிப் பக்கம் காலியா கெடக்கட்டு."
விடுதியில் தங்கும் நர்ஸ் பிள்ளைக்கு
ஜன்னலில் ஐந்து கம்பி.
பாட்டிலைப் பாதியாய் வெட்டி, கம்பிக்கொன்று கட்டி,
புதினாத் தண்டு நட்டாள். மூன்று பிடித்தது.

நோட்டில் ஒரே வரியில் எழுதுகிறேன்:
மார்பு 36, கை 9, படி 13.

காலை பத்து மணிக்குப் பாலத்தில் நெரிசல்.
களியக்காவிளை வண்டி என் பயறுக்கு நேரே நிற்கும்.
ஆட்கள் பார்ப்பார்கள். நான் மிஷினை நிறுத்தமாட்டேன்.
கண்டக்டர் ஒருநாள் தலையை நீட்டினார்:
"யக்கா, என்ன உரம் போடுதீங்க?"
"உங்க வண்டிப் புகையத் துடைக்கதுதான் உரம்!"
பொய் இல்லை. வாரம் இருமுறை
லைனிங் துணி நனைத்து இலை இலையாகத் துடைக்கிறேன்.
துணி கறுத்து வரும், இலை மூச்சுவிடும்.

மறுவாரம் அவர் எதையோ எறிந்தார்.
"பாவல் விதை, எங்க வீட்டுது!"
டிக்கெட்டில் மடித்த சின்னப் பொட்டலம்
பாதி வழியில் காற்றைக் கேட்டுத் திரும்பியது.
பாலத்தின் ஓரத்தில் எங்கோ விழுந்தது.
வண்டி நகர்ந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

இடவப்பாதி பெய்து ஓய்ந்த பிறகு
பாலத்து மழைநீர்க் குழாயின் வாயில்
பச்சையாக ஒரு சுருள்.
யாரும் அளக்காத இடம்.
கதம்பை இல்லை, சாணம் இல்லை,
லாரிகள் உதறிய தூசியும் குழாய் ஒழுக்கும்தான்.
நீள நீள இரும்பைப் பிடித்தது,
இரும்பு தீர்ந்ததும் காற்றைத் தடவியது.

என் நாடா அறுபது இஞ்சு. எட்டாது.
தண்ணி விசிறிப் பார்த்தேன், சாலைக்குப் போனது;
கீழே ஒரு ஹெல்மெட் நிமிர்ந்து திட்டியது.

நேற்று அதில் மஞ்சளாக ஒரு பூ.
ஆண் பூவா, அடியில் பிஞ்சு வைத்த பூவா,
இங்கிருந்து தெரியவில்லை.
கண்ணாடியை மாற்ற வேண்டும்.
பத்து மணி வண்டி வரட்டும்,
அவருக்குப் பக்கம்,
கேட்கிறேன்.